கிரகணமும் தஃப்ஹீமும்

2019 டிசம்பர் 26 அன்று காலை சென்னையில் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. திண்டுக்கல், கோவை வட்டாரங்களில் அது கங்கண கிரகணமாகத் தெரிந்தது. கிரகணத் தொழுகையும் குத்பாவும் நிறைவுற்றபின் நம் மாணவர் ஒருவர் அருகில் வந்து கேட்டார்: "ஹஜ்ரத், மாதந்தோறும் அமாவாசை வருகிறது, மாதந்தோறும் கிரகணம் ஏன் வருவதில்லை?"

அத்தொழுகையின் ருகூவுகள் எத்தனை என்பதில் மத்ஹபுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஆதாரங்களுடன் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். இக்கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. கல்லூரி நூலகத்தில் தேடினோம். குர்ஆனும் விஞ்ஞானமும் என்னும் பொருளில் ஒரு தட்டு நிறைய நூல்கள் இருந்தன. கிரகணம் எவ்வாறு நிகழ்கிறது என்று விளக்கும் நூல் அத்தட்டில் ஒன்றுகூட இல்லை.

1976இல் பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புகைல் எழுதிய நூலுக்குப்பின் இத்தகைய நூல்கள் உலகெங்கும் பெருகின. அவற்றை எழுதுவோரின் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும், அவை அறிவியலின் முடிவை எடுத்துக்கொண்டு வசனத்தோடு பொருத்திக் காட்டுகின்றனவேயன்றி, அம்முடிவு எப்படி எட்டப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. படித்து முடித்தவர் வியப்படைகிறார். வானத்தைப் பற்றி முன்பு அறியாத ஒன்றையும் அறிந்துகொள்வதில்லை. எல்லாக் கலைகளையும் குர்ஆனுக்குள் காண முற்படுவோரை இமாம் ஷாதிபீ (ரஹ்) 'அல்முவாஃபகாத்'தில் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே மறுத்துரைத்துள்ளார்கள். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) 'தஹாஃபுத்'தின் முகவுரையில் இதே கிரகணத்தையே எடுத்துக்காட்டாக்கி, கணக்கினால் நிறுவப்பட்ட அதன் காரணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்கிறார்கள். அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் நேர்ந்தபோது, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அது நிகழ்வதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியதை நாம் அறிவோம். துயரின் நடுவிலும் சொல்லப்பட்ட விளக்கம் அது.

நமக்கு வேண்டியிருந்த விடை அல்பீரூனியிடம் இருந்தது. ஹிஜ்ரி 420, அதாவது 1029இல் அவர் எழுதிய 'கிதாபுத் தஃப்ஹீம்', ஹசன் என்பாரின் மகள் ரைஹானா கேட்டுக்கொண்டதற்கிணங்க, துறைக்குப் புதியவர்களுக்காக இயற்றப்பட்டது. அரபியிலும் பாரசீகத்திலும் உள்ளது. 1934இல் ராம்ஸே ரைட் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் வெளியிட்டார். சோதிடத்துக்கு அறிமுகம் என்பது பெயர். ஆனால் வடிவியல், எண்கணிதம், வானியல், உஸ்துர்லாப் கருவி ஆகியவற்றைக் கடந்தபின்னரே சோதிடத்துக்கு வருகிறார். அச்சோதிடத்தில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததாகவும் தெரியவில்லை. நூல் முழுவதும் வினாவும் விடையுமாகச் செல்கிறது. 'தஃப்ஹீம்' என்றால் புரியவைத்தல். மௌதூதி அவர்களின் தஃப்ஸீர் வழியாக இச்சொல் தமிழ் முஸ்லிம்களுக்குப் பழக்கமானதே. பொதுமக்களுக்கான அறிவியல் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நாம் கண்டதில்லை.

ஆனால் மாணவர் நாளை ஒரு மஹல்லாவில் இமாமாக நின்று தமிழில்தான் பதிலளிக்க வேண்டும். ஆகவே தமிழ் நூல்களை நாடினோம். இந்நகரில் அவற்றுக்குக் குறைவில்லை. முஸ்லிம் அதிகாரி ஒருவரின் பெயர் தாங்கிய தியாகராய நகர் பஸ்லுல்லா சாலையில் பிற்காலத்தில் வாழ்ந்த ராஜாஜி, 'திண்ணை ரசாயனம்' எழுதியவர். 1916இலேயே சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டவர். வழக்கறிஞரான பெ.நா. அப்புசாமி 1917இல் 'தமிழர் நேசன்' இதழில் தொடங்கி, 1986இல் மறையும்வரை அறிவியலை எழுதினார். மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த பெரல்மானின் 'பொழுதுபோக்குப் பௌதிகம்' நம் தலைமுறையில் பலரை ஆட்கொண்டது. பணி ஓய்வுக்குப்பின் மயிலாப்பூரில் குடியிருந்த சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' வாசகர் வினாக்களுக்கு விடை கூறும் நூல். ரைஹானாவின் நூலுக்குத் தூரத்து உறவு எனலாம். மூளையைப் பற்றிய தம் நூலுக்கு அவர் 'தலைமைச் செயலகம்' என்று பெயரிட்டார். கோட்டையைத் தாண்டி ஒருமுறை பேருந்தில் சென்றவருக்கு அதற்குமேல் உரை வேண்டியதில்லை.

இந்நூல்களைப் படிக்கையில் மாணவர் தடுமாறியது கருத்தில் அன்று, சொற்களில். ஒருவர் பௌதிகம் என்கிறார், மற்றவர் இயற்பியல் என்கிறார். ரசாயனம் வேறிடத்தில் வேதியியல் ஆகிறது. அரபியும் இவ்வழியே வந்ததுதான். கிரேக்கச் சொல் முதலில் 'அரித்மாதீகீ' என்று அப்படியே நுழைந்தது. பின்னர் 'இல்முல் அதத்' என்றாயிற்று. 'ஃபல்ஸஃபா' மட்டும் குடியுரிமை பெற்று நிலைத்துவிட்டது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர், வாக்கியத்தின் கருத்தை உள்வாங்கித் தம் மொழியில் உரைப்போர் என இருவகை மொழிபெயர்ப்பாளர்களை அஸ்ஸஃபதீ (மறைவு 1363) பிரித்துக்காட்டி, பின்னதற்கு பக்தாதின் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கை முன்னிறுத்துகிறார்.

தமிழில் இப்பணிக்கு வாழ்நாளைத் தந்தவர்களுள் ஒருவர் நம் சமுதாயத்தவர் என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்? மணவை முஸ்தபா (1935–2017) 1967இல் தொடங்கிய 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அயல்மொழிகளில் உருவான கட்டுரைகளைத் தமிழாக்கி வெளியிட வேண்டிய இதழ் அது; சொல் இல்லை என்று கைவிரிக்க வழியில்லை. அவ்வுழைப்பின் விளைவாகவே மருத்துவம், கணினி ஆகிய துறைகளுக்கு அவர் தொகுத்த கலைச்சொல் அகராதிகள் வந்தன. அவருடைய அகராதி ஒன்றுகூட நம் கல்லூரி நூலகத்தில் இல்லாதிருந்தது நமக்கு வெட்கமளித்தது.

மறுவாரம் வகுப்புக்கு இரண்டு வளையல்களைக் கொண்டுசென்றோம். ஒன்றினுள் மற்றொன்றைச் சற்றே சாய்த்துப் பிடித்தோம். ஒன்று வானில் சூரியன் செல்லும் வழி. மற்றது சந்திரனின் வழி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 5 பாகை சாய்வு. ஆகையால் பெரும்பாலான அமாவாசைகளில் சந்திரன் சூரியனுக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ கடந்துவிடுகிறது. அதன் நிழல் பூமியைத் தொடுவதில்லை. வளையல்கள் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளை ஒட்டி அமாவாசை நேர்ந்தால் மட்டுமே சூரிய கிரகணம். அப்புள்ளிகளை அல்பீரூனி பாம்பின் தலை, வால் என்னும் பொருளில் 'ரஃஸ்', 'தனப்' என்கிறார். பஞ்சாங்கம் ராகு, கேது என்பதும் இவற்றையே.

மாணவர் வளையல்களை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அந்த இரண்டு புள்ளிகளும் ஒரே இடத்தில் நிற்குமா, ஹஜ்ரத்?" என்றார். நிற்பதில்லை, பின்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கின்றன. அது ஏன் என்பதற்கு அடுத்த வாரம் வரை அவகாசம் கேட்டிருக்கிறோம்.