நெல்லை விற்று அரிசி வாங்கலாமா?

கிளிநொச்சி வாசகி ஒருவர் சென்ற இதழுக்கு எழுதிய கேள்வி இது: "எங்களுக்கு 2 ஏக்கர் மானாவாரி வயல். போன மாசியில் முழு நெல்லையும் வயலிலேயே விற்றோம். வைகாசி தொடக்கம் கடையில்தான் அரிசி வாங்குகிறோம். விலைவாசி இறங்கிவிட்டதாக வானொலியில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இறங்கவில்லை?"

கேள்வி பதில் பகுதியில் இரண்டு வரியில் முடிக்கக்கூடிய விடயம் அல்ல இது. வடமாகாணத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கேள்வி என்பதால் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

முதலில் வானொலி சொன்னதைப் பார்ப்போம். இறங்கியது பணவீக்கம், அதாவது விலை ஏறும் வேகம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. 100 ரூபா கொடுத்து வாங்கியதை 195 ரூபாவுக்கு வாங்கினோம். அடுத்த வருடம் அதே மாதத்தில் உணவு விலை 5.2 வீதம் குறைந்தது. அப்படியும் அது 185 ரூபா. மரத்தில் ஏறியவன் ஒரு கொப்பு இறங்கினான், நிலத்துக்கு வரவில்லை. மண்ணெண்ணெயும் அப்படித்தான். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபா ஆனது. பிறகு குறைந்தாலும் பழைய 87 திரும்பவில்லை. 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. முன்பு விலக்குப் பெற்றிருந்த எரிபொருளும் சமையல் எரிவாயுவும் அப்போது அதற்குள் வந்துவிட்டன.

இவை நம் கையில் இல்லை. நம் கையில் உள்ளது ஒன்று உண்டு. அது இந்த மாதம் வயலில் நிற்கும் நெல்.

ஒருவருக்கு நாளுக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 36 கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். கிலோ 220 ரூபாவானால் மாதம் 8,000 ரூபா. அஸ்வெசும கொடுப்பனவில் வறிய குடும்பம் ஒன்றுக்கு 2024 இல் கிடைத்ததே 8,500 ரூபாதான். அரிசிக்கே அது போய்விட்டால் பருப்பு, தேங்காய், பிள்ளையின் கொப்பி எல்லாம் எதில் வாங்குவது?

அதே குடும்பத்துக்கு வருடம் முழுவதும் சுமார் 440 கிலோ அரிசி வேண்டும். 100 கிலோ காய்ந்த நெல்லை அவித்துக் குற்றினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும். அப்படியென்றால் 675 கிலோ காய்ந்த நெல் தேவை. அறுவடை இயந்திரத்திலிருந்து வரும் பச்சை நெல் காயும்போது எடை குறையும். எனவே 65 கிலோ மூடையில் 12 மூடை ஒதுக்குங்கள். நல்ல விளைச்சல் உள்ள வயலில் இது அரை ஏக்கர் நெல். விதைநெல் இதற்கு வேறு.

இப்போது இலாப நட்டம். நெல் கிலோ 100 ரூபாவுக்கு விற்கிறது என்று உதாரணத்துக்கு வைப்போம். ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலாக நெல் வேண்டும், அது 154 ரூபா. அவியல், மில் கூலி 16 ரூபா என்றால் வீட்டு அரிசி 170 ரூபா. கடையில் 220. கிலோவுக்கு 50 ரூபா, வருடத்துக்கு 22,000 ரூபா மிச்சம். தவிடு கோழிக்கு ஆகும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

"ஐயா, கணக்குச் சரி, கடன்காரன் வயல் வரம்பில் நிற்கிறானே" என்பீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். அந்த 12 மூடையையும் பச்சையாக விற்றால் ஏறத்தாழ 75,000 ரூபா. நகை அடகுக் கடனுக்கு வருடம் நூற்றுக்கு 24 வட்டி என்று வையுங்கள். நெல்லை மாதாமாதம் எடுத்துச் சாப்பிடுவதால், சராசரியாக அரை வருட வட்டிதான், அது 9,000 ரூபா. அப்போதும் நெல்லை வைத்திருப்பதே இலாபம். ஆனால் மாதம் நூற்றுக்கு 10 வாங்கும் மீற்றர் வட்டியானால் கணக்குத் தலைகீழ். அரை வருடத்தில் வட்டி மட்டும் 45,000. அந்தக் கடன் இருந்தால் நெல்லை விற்று முதலில் அதை அடையுங்கள். முடிந்தால் நான்கு மூடையாவது வைத்துக்கொள்ளுங்கள். பசளை, மருந்து கடனாகத் தந்த வியாபாரியிடம் 'வீட்டு நெல் போக மீதி' என்பதை அறுவடைக்கு முன்பே பேசிவிடுங்கள். லொறி வந்த பிறகு பேச முடியாது.

நெல்லைக் காக்கும் முறை:

1. தறப்பாளில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, மூன்று நல்ல வெயில் காய விடுங்கள். தார் வீதியில் போட வேண்டாம். பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

2. சூடு ஆறிய பிறகே மூடை கட்டுங்கள். பழைய சாக்கைக் கொதிநீரில் போட்டுக் காய வைத்தால் வண்டும் அந்துப்பூச்சி முட்டையும் அழியும்.

3. பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். காய்ந்த வேப்பிலை இடையில் போடலாம். சாப்பாட்டு நெல்லுக்குப் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

4. மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். தேவையான அளவை மட்டும் அவித்துக் குற்றுங்கள். அரிசியைவிட நெல்லே நீண்டநாள் இருக்கும்.

அறுவடை முடிந்த வயலில் ஈரம் காய முன் ஒரு மூலையில் பயறு விதையுங்கள். 65 நாளில் காய் பறிக்கலாம். மைசூர்ப் பருப்பு கடல் கடந்து வருவது. டொலர் ஏறினால் அதுவும் ஏறும். வேலியில் நிற்கும் முருங்கைக்கு டொலர் தெரியாது.

என் சொந்த வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்தோம். சோற்றுக்கு அலையவில்லை, வீட்டில் கொம்பறை நிறைய நெல் இருந்தது. பிறகு இடத்தை அடைக்கிறது என்று அந்தக் கொம்பறையைப் பிரித்தவன் நான்தான். 2022 இல் அரிசிக்கு வரிசையில் நின்றபோது, ஊருக்கெல்லாம் வயலில் புத்தி சொன்ன எனக்கு வெட்கமாக இருந்தது. போன வருடத்திலிருந்து எங்கள் வீட்டு மூலையில் மறுபடியும் மூடைகள் இருக்கின்றன.

கிளிநொச்சி அம்மாவுக்கு: இம்முறை லொறி வருமுன் 12 மூடையை எண்ணி வீட்டுக்கு ஏற்றிவிடுங்கள். மீதியை விற்றுக் கடனைப் பாருங்கள். அடுத்த ஆவணியில் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதுங்கள். நெல்லைச் சேமிப்பதில் சந்தேகம் உள்ள மற்றவர்களும் கேள்வி அனுப்பலாம். வீட்டில் எத்தனை பேர், வயல் எவ்வளவு, கடன் என்ன வட்டி என்பதையும் குறிப்பிட்டால் உங்கள் கணக்கையே போட்டுப் பதில் தருகிறேன்.