வீடியோ கேம் பண்பாட்டின் வாய்மொழி வரலாறு: தேசிங்கு ராஜன் கதைப்பாடலை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ கேம்களுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என அந்நாட்டு வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அங்கு மறைவன விளையாட்டுகள். தமிழகத்திலோ அவற்றை விளையாடிய சூழலே பதிவின்றி மறைந்து வருகிறது. இச்சூழலை மீட்பதில் வாய்மொழி வரலாற்றின் இடத்தைச் செஞ்சியின் கதைப்பாடல் மரபோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

செஞ்சி காட்டும் முன்மாதிரி

செஞ்சிக் கோட்டை 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மதிலும் களஞ்சியமும் இவ்வாறு பேணப்படுகின்றன. ஆயின், 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து மடிந்த தேஜ்சிங் மக்கள் நினைவில் நிலைத்தமைக்குக் கல்லும் ஆவணமும் காரணமல்ல. ஆவணங்களில் அவன் கப்பம் கட்ட மறுத்த கோட்டைத் தலைவன். கதைப்பாடலில் அவன் தேசிங்கு ராஜன், இசுலாமியத் தோழன் மோவுத்துக்காரனின் உயிர் நண்பன். நிகழ்வை ஆவணமும், அதற்கு மக்கள் அளித்த பொருளைப் பாடலும் காத்தன. பாடல் அச்சேறியமையால் பாடகர் மறைந்த பின்னும் அது நிலைத்தது.

ஆவணமற்ற கருவிகள்

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் உரிமமற்ற நகல்கள் 1990களில் தமிழகச் சந்தையில் பரவின. அவற்றில் செருகும் பேழை 'கேசட்' எனப்பட்டது. '9999 இன் 1' என்று மேலே அச்சிட்டிருக்கும். உள்ளே சில விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். கருவியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, மணிக்கணக்கில் காசு பெற்று விளையாட விட்ட கடைகள் இருந்தன. பின்னர் பிரௌசிங் சென்டர்களும் கைப்பேசியும் அவ்விடத்தைப் பிடித்தன.

நகல் என்பதால் இக்கருவிகளுக்கு முறையான விற்பனைக் கணக்கோ உரிமப் பதிவோ கிடைப்பதரிது. கேசட்டின் உள்ளடக்கத்தைக் கணினியில் படியெடுக்கலாம். படம் வராதபோது கேசட்டைக் கழற்றி ஊதிச் செருகியது, அடுத்த முறைக்காகச் சிறுவர் வரிசையில் நின்றது, பெண்பிள்ளைகள் அக்கடைகளுக்குள் வந்தனரா என்பது ஆகியன அப்படியில் இரா. இவற்றுக்குக் கடைக்காரரும் விளையாடியோருமே சான்று.

நினைவுப் பிழையின் மதிப்பு

நினைவு பிழைபடும் என்பது இம்முறைமீது வைக்கப்படும் முதன்மைத் தடை. இத்தாலியின் தெர்னி நகரில் 1949இல் கொல்லப்பட்ட தொழிலாளி லூயிஜி திராஸ்துல்லியின் இறப்பை, 1953இல் நிகழ்ந்த ஆலைப் பணிநீக்கப் போராட்டத்தோடு இணைத்தே பலர் நினைவுகூர்ந்தனர். அப்பிழை அவர்தம் மனக்காயத்தைப் புலப்படுத்துவதை அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி விளக்கினார். அதுபோல, 9999 விளையாட்டுகளையும் ஆடியதாக ஒருவர் கூறின் எண்ணிக்கை தவறு. அவ்வட்டை ஒரு சிறுவனுக்கு அளித்த வியப்பு உண்மை. ஆகவே கூற்றைத் திருத்தாது பதிந்து, ஆய்வாளர் குறிப்பைத் தனியே சேர்ப்பதே தக்க முறை.

பதிவு நெறிகள்

பழைய கருவியை முன்வைத்து உரையாடின் கைப்பழக்கமே நினைவைத் தூண்டும். வட்டாரச் சொற்களை அவ்வாறே எழுத வேண்டும். நகல் வணிகம் பற்றிய பேச்சு சிலருக்கு இடர் தரலாமாதலின் ஒப்புதலும் பெயர் மறைப்பும் இன்றியமையாதன. ஒலிப்பதிவும் எழுத்துப்படியும் ஒன்றுக்கு மேற்பட்ட நூலகங்களில் வைக்கப்பட வேண்டும்.

முடிவுரை

1990களில் சிறுவராய் ஆடியோர் இன்று நடுவயதினர். கடை நடத்தியோர் முதுமை எய்துகின்றனர். தேசிங்கின் கதையைக் கேட்டுப் பாடிப் பரப்பத் தலைமுறைகள் இருந்தன. கேசட் கடையின் கதைக்கு அத்தகைய பாடகர் இலர். அதனை அறிந்தோர் உள்ளபோதே பதிவு செய்வது ஆய்வுலகின் உடனடிக் கடமையாகும்.