சிங்கப்பூரில் ஆங்கில ஆசிரியர் வேலை: பணம் கட்டுமுன் கணக்குப் போடுங்கள்



பி.எட். முடித்து, டி.ஆர்.பி. அறிவிப்புக்குக் காத்திருக்கும் பலருக்கும் ஒரு ஃபோன் வந்திருக்கும். "சிராங்கூன்ல டியூஷன் சென்டர், இங்கிலீஷ் டீச்சர் வேணும், விசாவுக்கு மட்டும் மூணு லட்சம்." நகையை அடகு வைக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். கணக்கைப் பார்ப்போம்.

பாஸ் கட்டணம் எவ்வளவு?
படித்தவர்களுக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு விண்ணப்பக் கட்டணம் 105 வெள்ளி, பாஸ் வழங்கும் கட்டணம் 225 வெள்ளி. ஆக மொத்தம் 330 வெள்ளி. நம்ம பணத்தில் இருபதாயிரம் ரூபாய்ச் சொச்சம்தான். எஸ் பாஸ் என்றால் 105-உம் 100-உம் சேர்த்து 205 வெள்ளி. விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல. வேலை தரும் நிறுவனமோ, அது நியமிக்கும் உரிமம் பெற்ற ஏஜென்சியோதான். அப்படியானால் மீதி லட்சங்கள் எதற்கு? கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

சம்பளத்தை வைத்தே சோதிக்கலாம்
2025 ஜனவரி முதல் எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிக்கக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. வயது கூடக்கூட இதுவும் கூடும். அதோடு, 2023 செப்டம்பரில் வந்த 'காம்பஸ்' முறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் முதல் எஸ் பாஸுக்குக் குறைந்தது 3,300 வெள்ளி. "மாதம் 2,000 வெள்ளி, எம்ப்ளாய்மெண்ட் பாஸ் உறுதி" என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கு அங்கேயே உதைக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம்
வேலை கொடுப்பதற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எஸ் பாஸுக்கு நிறுவனம் செலுத்தும் மாதாந்தர லெவியையும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அங்குள்ள ஏஜென்சி உங்களிடம் வாங்கும் கட்டணம், எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும், இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.

"முதல்ல டூரிஸ்ட்டா வாங்க" என்றால்?
போகாதீர்கள். சுற்றுலா அனுமதியில் வகுப்பெடுத்தால் நீங்களும் குற்றவாளி ஆவீர்கள். பாஸ் கிடைத்த பிறகும், எந்த நிறுவனத்தின் பேரில் பாஸோ அங்கே மட்டும்தான் வேலை. மாலையில் தேக்கா பக்கம் ஒரு வீட்டில் தனியாக டியூஷன் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

செய்ய வேண்டிய வரிசை
1. நிறுவனம், ஏஜென்சி இரண்டின் பதிவையும் பாருங்கள். ஏஜென்சியின் உரிம எண் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் இருக்கும்.
2. சம்பளம், வேலை நேரம், பதவி எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.
3. பட்டச் சான்றிதழ் உண்மைதானா என்று சரிபார்க்கச் சொல்வார்கள். அசல்களைத் தயாராக வையுங்கள்; யாரிடமும் விட்டு வைக்காதீர்கள்.
4. முன் ஒப்புதல் கடிதம் வந்ததும், அதை அமைச்சின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.
5. டிக்கெட் கடைசியில்தான்.

பாடம் நடத்தும்போது "விடை மட்டும் போதாது, வழிமுறையும் எழுது" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம் அல்லவா? ஏஜென்டிடமும் அதையே கேளுங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுப்பவரிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கட்டணமும் சம்பள வரம்பும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் நாளில் அமைச்சின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாழ்த்துகள்!