அரசாங்கச் சீட்டு ஒட்டிய மானிட்டர்

பேராக்கில் பல தமிழ்ப்பள்ளிகளின் ஸ்டோரைத் திறந்தால் பழைய பொருள்களின் குவியல்தான் கண்ணில் படும். கால் ஒடிந்த நாற்காலி, மஞ்சளேறிய பெட்டி மானிட்டர். 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தத் தொடங்கியபோது வந்திறங்கிய புரொஜெக்டர். மானிட்டரைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் ‘ஹாக் கெராஜாஆன் மலேசியா’ (மலேசிய அரசாங்கத்தின் சொத்து) என்ற சீட்டும் பதிவெண்ணும் இருக்கும். பதிவேட்டில் அந்த எண் உயிரோடு இருக்கும்வரை தலைமையாசிரியர் அதைக் குப்பைத் தொட்டியில் போட முடியாது.

போட வேண்டுமானால் முதலில் சான்று வேண்டும். மின்பொருள் என்றால், பழுதுபார்ப்பது இனிக் கட்டுப்படியாகாது என்று தொழில்நுட்பம் தெரிந்த அதிகாரி எழுதித் தர வேண்டும். அடுத்து, அந்தப் பொருளின் நிர்வாகத்தோடு தொடர்பில்லாத இரண்டு பேராவது நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். மேலிடம் அனுமதித்த பிறகுதான் டெண்டரோ, லெலோங் என்னும் ஏலமோ, எடைக்குப் போடுவதோ, அன்பளிப்போ. எதற்கும் ஆகாததை அழிக்கலாம். புதைப்பது, எரிப்பது தொடங்கி நீரில் மூழ்கடிப்பது வரை விதியில் உண்டு. (நாற்காலியோடு கிந்தா ஆற்றங்கரைக்குப் போன தலைமையாசிரியர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.) அழித்ததற்குச் சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். பொதுப்பணத்தில் வாங்கிய மேசை யாருடைய மைத்துனர் வீட்டுக்கும் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு.

ஆசிரியர்கள் சலித்துக்கொள்வார்கள். கணினியைப் பொறுத்தவரை இந்தக் கெடுபிடி எனக்குச் சரியென்றே படுகிறது. மின்னணுக் கழிவு மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிகளில் ‘எஸ்.டபிள்யூ. 110’ என்ற அபாயக் கழிவு. உரிமம் பெற்றவரிடம்தான் அது போகவேண்டும்.

கணினியின் உள்ளிருக்கும் பச்சைப் பலகையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் வெள்ளிப் பொட்டுகள் மின்னும். அவை பற்றாசு. அந்தக் காலத்துப் பலகைகளில் 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்திருக்கும். தனியாக வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும், காரீயத்துக்கு 327. இந்த அளவில் கலந்தாலோ 183 டிகிரியிலேயே உருகிவிடும்! அந்தத் தாழ்ந்த உருகுநிலைதான், நுட்பமான சில்லுகளைப் பொசுக்காமல் பலகையில் பிடிக்க உதவியது. உலக வெள்ளீயத்தில் ஏறக்குறைய பாதி இன்று பற்றாசுக்கே போகிறது. ஈப்போவை நகரமாக்கியதே கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயம்தான். 1985-இல் விலை சரிந்து சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. ஸ்டோரில் கிடக்கும் பலகையில் இருப்பது கிந்தா வெள்ளீயமா, பொலிவியா வெள்ளீயமா என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

மானிட்டர் இன்னும் வில்லங்கமானது. பின்பக்கத்திலிருந்து பாயும் எலெக்ட்ரான்கள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தில் வேகமெடுத்துத் திரையில் மோதும்போது எக்ஸ் கதிர் பிறக்கும். சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அது தொடாமலிருக்க, படக்குழாயின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காரீய ஆக்சைடு கலந்தார்கள். முன்பெல்லாம் அந்தக் கண்ணாடியை உருக்கிப் புதிய குழாய் வார்த்தார்கள். தட்டைத் திரை வந்தபின் குழாய்க்கு ஆளில்லை. பழைய இரும்புக்காரருக்கு வேண்டியது குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பி மட்டும்தான். அதை உருவிக்கொண்டு கண்ணாடியை உடைத்து எறிந்தால், காரீயம் மெல்ல மண்ணுக்குள் இறங்கும்.

உடையாமலே மிஞ்சும் பொருள்களும் உண்டு. பிள்ளைகள் குறைந்துபோன தோட்டப் பள்ளிகளின் மேசை நாற்காலிகள் அப்படி. ஏழு முதல் பதினான்கு வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பால்மரக் காட்டுக்குள் இத்தனை தமிழ்ப்பள்ளிகள் முளைத்ததில் அந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் கிளம்பின. மேசை நாற்காலிகள் மட்டும் அங்கேயே நின்றன. 150 பிள்ளைகளுக்குக் கீழே போன பள்ளி, ‘மாணவர் குறைந்த பள்ளி’ என்ற கணக்கில் வரும். அங்கே மிஞ்சும் நல்ல மேசையை விற்கவோ அழிக்கவோ அவசியமில்லை, மேசை போதாத நகரப் பள்ளிக்கு மாற்றிவிடலாம். அதற்கும் ஒரு படிவம் உண்டு. லாரி வாடகைக்குத்தான் படிவம் இல்லை. அது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தலையில் விழக்கூடும்.