சித்தாவும் அலோபதியும் சேர்த்து பார்க்கும் டாக்டர்: பணம் கட்டும் முன் செக் பண்ண வேண்டிய 5 விஷயங்கள்



என்னோட வேலை பார்க்கிற ஒரு தம்பி மதிய சாப்பாட்டு நேரத்துல ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, ஒரு இன்டகிரேட்டிவ் கிளினிக்ல 90 நாள் பேக்கேஜ் 54,000 ரூபாய்னு சொல்றாங்க. வட்டி இல்லாம 6 மாச இஎம்ஐ. போட்டுடலாமா?"

அவர் கைக்கு வர்ற சம்பளம் 32,000. மாசம் 9,000 இஎம்ஐன்னா சம்பளத்துல கால் பங்குக்கும் மேல. வைத்தியம் அவருக்கு இல்ல, ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு. பத்து வருஷமா சர்க்கரை, இப்போ மூட்டு வலியும் சேர்ந்திருக்கு.

நான் முதல்ல கேட்டது பணத்தைப் பத்தி இல்ல. "அம்மா சாப்பிடுற சுகர் மாத்திரையைப் பத்தி அங்க என்ன சொன்னாங்க?"

"இவங்க மருந்து ஆரம்பிச்ச அன்னைக்கே அதை நிறுத்திடலாமாம்."

அந்த ஒரு பதிலே எனக்குப் போதும். ஏன்னு சொல்றேன், வாங்க.

இன்டகிரேட்டிவ் மருத்துவம் என்றால் ஒருங்கிணைந்த மருத்துவம். அலோபதி சிகிச்சையோடு சித்தா, ஆயுர்வேதம், யோகா போன்றவற்றையும் சேர்த்து, ஒன்றுக்கொன்று தெரிந்து கொடுப்பது. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு மாறுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. இதை மனசுல வச்சுக்கிட்டு கீழே உள்ள ஐந்தையும் பாருங்க.

1. டாக்டர் பதிவு எண்

போர்டுல "இன்டகிரேட்டிவ்"னு யார் வேணும்னாலும் எழுதிக்கலாம். பார்க்க வேண்டியது பட்டமும் பதிவு எண்ணும்தான். சித்தாவுக்கு பிஎஸ்எம்எஸ், ஆயுர்வேதத்துக்கு பிஏஎம்எஸ், அலோபதிக்கு எம்பிபிஎஸ். பிஎஸ்எம்எஸ் என்பது பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருஷப் படிப்பு. ஒரு வாரச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பவரும் இவரும் ஒன்றல்ல. ரிசப்ஷன்லயே பதிவு எண்ணைக் கேளுங்க. எந்த கவுன்சில்ல பதிவு செஞ்சிருக்கார்னும் கேட்டு, அங்கேயே சரிபாருங்க. கேட்டதுக்குக் கோபப்பட்டா, அங்கிருந்து கிளம்பிடலாம்.

2. இப்போ சாப்பிடுற மாத்திரை

நல்ல டாக்டர் முதல்ல உங்க பழைய ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் கேட்பார். காரணம் இருக்கு. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க அதோட சர்க்கரையைக் குறைக்கிற மூலிகையும் சேர்த்தா, சர்க்கரை ரொம்பக் கீழே போய் மயக்கம் வரலாம். அதிமதுரம் தொடர்ந்து அதிகமா எடுத்தா ரத்த அழுத்தம் ஏறலாம். பற்பம், செந்தூரம் மாதிரி மருந்துகள்ல உலோகம், தாது இருக்கும். அளவும் காலமும் தெரிஞ்ச டாக்டர் சொல்லாம அதைத் தொடவே கூடாது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தா கண்டிப்பா முன்கூட்டியே சொல்லணும்.

டோஸ் குறைக்கணும்னா, ரத்தப் பரிசோதனை பார்த்து, அந்த மாத்திரையை எழுதின டாக்டர்தான் குறைக்கணும். "இன்னைக்கே நிறுத்துங்க" என்று சொல்லும் இடத்தில் ஒருங்கிணைப்பே இல்லை.

3. விளம்பர வாக்குறுதி

"சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு, 100% கியாரண்டி" என்று ரீல்ஸ்ல வருதா? சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம் உள்ளிட்ட பல நோய்களைக் குணமாக்கும்னு மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-லேயே ஒரு மத்திய சட்டம் தடை செய்திருக்கு. சட்டத்தை மீறி ஆரம்பிக்கிற இடத்துல உங்க சேமிப்பைக் கொட்டணுமா?

4. சீட்டு, லேபிள், பில்

மருந்தோட பெயரும் அளவும் எழுதின சீட்டு வாங்குங்க. "இது எங்க ரகசிய ஃபார்முலா" என்றால் வேண்டாம். நாளைக்கு அம்மாவை அவசரமா ஆஸ்பத்திரியில சேர்த்தா, அங்க இருக்கிற டாக்டருக்கு என்ன சாப்பிட்டாங்கன்னு தெரியணும் இல்லையா? கடையில வாங்குற மருந்து டப்பாவுல உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி மூணும் இருக்கணும்.

5. பேக்கேஜ், இஎம்ஐ, இன்சூரன்ஸ்

இங்கதான் நம்ம ஆளுங்க அதிகமா மாட்டுறாங்க. இஎம்ஐ போட்டா, கடன் கொடுக்கிற நிறுவனம் பணத்தைக் கிளினிக்குக்கு முன்னாடியே கொடுத்துடும். கடன் உங்க பேர்ல நிற்கும். மூணாவது வாரம் அம்மாவுக்கு ஒத்துக்கலைன்னு நிறுத்தினாலும் இஎம்ஐ நிற்காது. கட்டலைன்னா உங்க சிபில் ஸ்கோர் அடிவாங்கும். வட்டி இல்லைன்னு சொன்னாலும் பிராசஸிங் கட்டணம் இருக்கான்னு பாருங்க. 90 நாளுக்கு மொத்தமா கட்டாம, ஒவ்வொரு விசிட்டுக்கும் தனித்தனியா கட்ட முடியுமான்னு கேளுங்க.

"இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நினைக்கலாம். ஆயுஷ் சிகிச்சையை மற்ற சிகிச்சைகளுக்குச் சமமா நடத்தணும்னு ஐஆர்டிஏஐ இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்குச் சொல்லி, அது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா பொதுவா இது பாலிசி விதிகளுக்குப் பொருந்துற ஆயுஷ் மருத்துவமனையில படுக்கையில சேர்ந்து எடுக்கிற சிகிச்சைக்குத்தான். கிளினிக்குக்குப் போய் மருந்து வாங்கிட்டு வர்ற பேக்கேஜ், ஓபிடி கவர் இல்லாத பாலிசியில வராது. ஆபீஸ் குரூப் பாலிசின்னா ஹெச்ஆர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: அப்பா, அம்மா கவர் ஆகிறாங்களா? ஆயுஷுக்கு என்ன நிபந்தனை? பதிலை மெயில்ல வாங்கி வையுங்க.

அப்போ எங்க ஆரம்பிக்கிறது?

தமிழ்நாட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு வசதி உண்டு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகள், பல ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல அலோபதி பிரிவு இருக்கிற வளாகத்துலயே சித்தா பிரிவும் இருக்கு. சென்னையில தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்துல அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை. தெற்கே பாளையங்கோட்டையில அரசு சித்த மருத்துவக் கல்லூரி. கூட்டம் இருக்கும், அரை நாள் லீவு போகும். ஆனா 54,000 கடனோட ஒப்பிட்டா அந்த அரை நாள் சம்பளம் பெரிசா?

தம்பி அந்தப் பேக்கேஜைப் போடல. அம்மாவை அவங்க மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனார். சுகர் மாத்திரை அப்படியே தொடருது. மூட்டு வலிக்கு சித்தா பிரிவுல தைலமும் உள் மருந்தும் கொடுத்தாங்க. என்ன கொடுத்தாங்கன்னு அம்மாவோட சுகர் நோட்டுலயே எழுதி, அடுத்த தடவை சுகர் டாக்டர்கிட்டயும் காட்டினார். வலி முழுசா போயிடல. "மாடிப்படி ஏற முடியுதுப்பா"ன்னு அம்மா சொல்றாங்களாம். அந்த 9,000-த்துல மாசம் 5,000-த்தை அம்மா பேர்ல ஒரு ஆர்டியில போட ஆரம்பிச்சிருக்கார்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை பண்ணுங்க. வீட்டுக்குப் போன் போட்டு, அப்பா அம்மா இப்போ என்னென்ன மாத்திரை, என்னென்ன நாட்டு மருந்து சாப்பிடுறாங்கன்னு கேட்டு ஒரே தாள்ல எழுதி, போட்டோ எடுத்து வச்சுக்குங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் அதை முதல்ல காட்டுங்க. அதைப் படிக்கிறவரா, தள்ளி வைக்கிறவரான்னு பார்த்தாலே பாதி முடிவு கிடைச்சிடும்.

அடுத்த வீடியோவில் குரூப் பாலிசியில் பெற்றோரைச் சேர்ப்பது பற்றிப் பார்க்கலாம்.