வரம் யாருக்காக?

நம் சபைகளில் இளைஞர் முகாம் நடந்தாலும் எழுப்புதல் கூட்டம் நடந்தாலும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: உனக்குக் கர்த்தர் கொடுத்த வரம் எது? நல்ல குரல் உள்ளவர் பாடகர் குழுவில் சேர்கிறார், பேச வருபவர் பிரசங்க மேடை ஏறுகிறார். கணக்கு எழுதுபவரும் மின்கம்பி இழுப்பவரும் தையல்காரரும் தங்களுக்கு வரம் ஒன்றும் இல்லை என்று எண்ணிக் கடைசி வரிசையில் அமர்ந்துவிடுகிறார்கள். இதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். அது ஒருவரைத் தம்மையே பார்த்துக்கொள்ளச் செய்கிறது. வேதம் காட்டும் வழி வேறு. வரத்தை உண்மையாகப் பயன்படுத்தினோமா என்பதை அதை வைத்திருப்பவரிடம் கேட்டு அறிய முடியாது. அதனால் நன்மை பெற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்துத் தாலந்து உவமையை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் ஒரு தாலந்து என்பது கூலியாள் ஒருவர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்துப் பெறும் தொகை. ஆகவே ஒரே தாலந்து பெற்ற மூன்றாம் ஊழியக்காரன்கூட அற்பமாக எதையும் பெறவில்லை. ஐந்து பெற்றவனுக்கும் இரண்டு பெற்றவனுக்கும் எஜமான் சொல்லும் பாராட்டு சொல் மாறாமல் ஒன்றே. அளவை வைத்து அவர் யாரையும் எடைபோடவில்லை. மூன்றாமவன் திருடவில்லை, செலவழிக்கவில்லை, வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்தான். ஆனாலும் அவன் பொல்லாதவன், சோம்பேறி எனப்பட்டான். பயந்து புதைத்துவைத்ததால் அந்தப் பணம் ஒருவருக்கும் உதவாமல் கிடந்தது. அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது நடந்ததும் இதையே சொல்கிறது. அவளுடைய வரத்தைப் பற்றி யாரும் விளக்கவுரை நிகழ்த்தவில்லை. அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளை விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டினார்கள். அந்தத் துணிகளே அவளுக்கான சாட்சி.

இதற்கு நம் மண்ணிலேயே தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் முதலில் பயின்றது மருத்துவம் அல்ல. தச்சும் கொத்து வேலையும் கட்டுமானமும்தான். அதன்பிறகே மருத்துவம் படித்து அறுவைச் சிகிச்சை நிபுணரானார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர், செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது நோயாளி ஒருவரின் மடங்கிப்போன கையைப் பற்றினார். செத்துப்போனது என்று எல்லாரும் நினைத்த அந்தக் கையின் பிடி, வலிக்கும் அளவுக்கு வலுவாக இருந்தது. நரம்பு செயலிழந்ததால் உள்ளங்கையின் சிறு தசைகள் சோர்ந்தாலும் முன்கைத் தசைகள் உயிரோடு இருக்கின்றன என்பது அவருக்குப் புரிந்தது. நலமாக உள்ள தசையின் நாணை எடுத்து வேறிடத்தில் பொருத்தி, விரல்களை மீண்டும் நிமிர்த்தும் சிகிச்சையை அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களாலேயே அழிகின்றன என்ற உண்மையும் இந்தக் கவனிப்பிலிருந்து வெளிவந்தது.

பிராண்ட் அத்தோடு நின்றிருந்தால் திறமையான மருத்துவர் என்ற பெயரோடு போயிருப்பார். கை சரியானவர்கள் ஊர் திரும்பியபோது அவர்களுக்கு வேலை கொடுக்க ஆள் இல்லை. முடங்கிய கைக்கு விழுந்த பிச்சையும் நிமிர்ந்த கைக்கு விழவில்லை. அறுவைச் சிகிச்சை என்ற ஒரு வரம் அங்கே போதவில்லை. அதனால் மறுவாழ்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. நோயாளிகள் தச்சு வேலை கற்று மரப் பொம்மைகள் செய்தார்கள். ஒருகாலத்தில் வீணாய்ப் போனதாகத் தோன்றிய அவருடைய பழைய பயிற்சி அங்கே கைகொடுத்தது. உணர்வற்ற பாதங்களுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்ய, மருத்துவர்களோடு செருப்புத் தைப்பவர்களும் உட்கார்ந்து உழைத்தார்கள். தன்னிடம் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்திருந்தால் பிராண்ட் லண்டனிலேயே நல்ல மருத்துவராக இருந்திருக்கலாம். எதிரில் இருப்பவருக்கு என்ன இல்லை என்று பார்த்ததால், தன்னிடம் இருந்த ஒவ்வொன்றுக்கும் பயன் கண்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவை தொழில்திறமைகள், ஆவியின் வரங்களோடு இவற்றைக் கலக்கலாமா? கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் வரிசைப்படுத்தும் வரங்களுக்குத் தனி இடம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே 12ஆம் அதிகாரம், எல்லா வரங்களும் பொதுவான பிரயோஜனத்துக்கே அளிக்கப்பட்டன என்று அளவுகோலையும் வகுத்துவிடுகிறது. யாத்திராகமம் 31இல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாகச் சொல்லப்படும் பெசலெயேல், பொன்னிலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்த கைவினைஞன். மேடை வரம் உயர்ந்தது, பட்டறை வரம் தாழ்ந்தது என்ற பிரிவினைக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

கிருபையால் இரட்சிப்பு என்று விசுவாசிக்கும் நாம் உழைப்பை இப்படி வலியுறுத்தலாமா என்றும் கேட்பார்கள். உவமையில் கணக்குக் கேட்கப்படுவது இறுதியில். தாலந்து கொடுக்கப்படுவது தொடக்கத்திலேயே. எஜமானின் நம்பிக்கையைச் சம்பாதிக்க அவர்கள் உழைக்கவில்லை. நம்பி ஒப்படைத்தவருக்குப் பதில் செய்யவே உழைத்தார்கள். நாம் வரத்தின் சொந்தக்காரர்கள் அல்ல, உக்கிராணக்காரர்கள் என்ற நினைவு பெருமைக்கும் இடம் தராது.

இன்னொரு மறுப்பு மிக நியாயமானது. உண்மையாயிரு என்று சொல்லியே பலரைச் சபைகள் கசக்கிப் பிழிகின்றன. குறிப்பாகப் பெண்கள் வீட்டு வேலையோடு ஞாயிறு பள்ளி, சமையல், நோயாளிச் சந்திப்பு எல்லாவற்றையும் சுமக்கிறார்கள். இது உண்மைத்தன்மை ஆகாது. அவனவன் திறமைக்குத் தக்கதாகவே எஜமான் கொடுத்தார் என்று உவமையே சொல்கிறது. ஒருவர்மேல் ஐந்து பேரின் சுமையை ஏற்றும் சபை, மற்ற நால்வரின் தாலந்தைப் புதைக்கும் சபையும்தான். அதேசமயம், உடைந்துபோனவர்களுக்கு இனி வேலை இல்லை என்று முடிவு கட்டவும் நமக்கு அதிகாரம் இல்லை. பிராண்டோடு வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1966இல் வேலூரில் அதற்கென நிறுவனம் உருவாகக் காரணமானார். தண்டுவடம் பாதிக்கப்பட்ட எத்தனையோ பேருக்கு அங்கே புதுவாழ்வு கிடைத்தது.

ஆகவே போதகர்களும் சபைக் கமிட்டியாரும் ஒன்றைச் செய்ய வேண்டும். வரங்களின் பட்டியலுக்கு முன்னால் தேவைகளின் பட்டியலை எழுதுங்கள்: படிப்பு நின்றுபோன பிள்ளை, ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்பத் தெரியாத முதியவர், கூரை ஒழுகும் விதவையின் வீடு. அதைச் சபை நடுவே வாசித்து, இதற்கு யாரால் முடியும் என்று கேளுங்கள். கடைசி வரிசையில் இருப்பவர்கள் எழுந்து வருவார்கள். வரம் இல்லை என்று நினைக்கும் வாசகரே, நீங்களும் உங்களையே ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். உங்கள் தெருவில் யாருக்கு என்ன குறை என்று இந்த வாரமே பாருங்கள். உங்கள் கை அறிந்த வேலையால் அதில் ஒன்றைத் தீர்த்து வையுங்கள்.