மருந்துக்கு மசியாத புழு

அறுவடை முடிந்ததும் வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவது வேளாங்கண்ணி முதலிய டெல்டாக் கிராமங்களின் பழைய வழக்கம். இராமநாதபுரம் சீமையிலிருந்து வரும் கீதாரிகளின் மந்தைக்கு மேய்ச்சல் கிடைக்கிறது. குடியானவனுக்கு எரு கிடைக்கிறது. ஆனால் மந்தையோடு கண்ணுக்குப் புலப்படாத தீங்கொன்றும் ஊர்விட்டு ஊர் செல்லக்கூடும்.

ஆட்டின் நாலாவது இரைப்பையில் இரத்தம் உறிஞ்சி வாழ்வது ஹீமாங்கஸ் என்னும் புழு. பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 வரை முட்டையிடும். பிழுக்கையோடு வெளிப்பட்ட முட்டைகள் பொரித்து, இளம்புழுக்கள் வாய்க்கால் கரையின் ஈரப் புல்லில் ஏறி, மேயும் ஆட்டின் வயிற்றை அடைகின்றன. கண்ணிமை வெளுத்து, தாடையின் கீழ் நீர் கோத்து, ஆடு மடிகிறது.

இதற்கு மருந்தில்லையா? உண்டு. ஆனால் 1961இல் தயாபெண்டசோல் விற்பனைக்கு வந்தது; 1964லேயே அதற்கு மசியாத புழுக்கள் அமெரிக்காவில் காணப்பட்டன. நமது நீலகிரியில், சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு மசியாத புழுக்களை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

குற்றம் மருந்தினுடையதன்று, அதைக் கையாளும் முறையினுடையது. எடை பாராமல் குறைத்துப் புகட்டினால் வலிய புழு தப்புகிறது. தப்பியதே சந்ததியைப் பெருக்குகிறது. வெள்ளாட்டுக்குச் செம்மறியாட்டைவிடக் கூடிய அளவு தேவை என்பதையும் பலர் அறியார். மருந்தே கொடுக்காவிட்டால் ஆடு செத்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். மருந்தை நிறுத்தும்படி நாம் கூறவில்லை. கண்ணிமை வெளுத்த ஆட்டுக்கு, எடையறிந்து, முழு அளவு கொடுக்க வேண்டும். நோயற்ற ஆட்டை விட்டுவைத்தால், மருந்துக்கு மடியக்கூடிய புழுக்களும் மேய்ச்சலில் எஞ்சி, மசியாத இனம் தனியரசு செலுத்தாமல் தடுக்கும். புதிதாக வாங்கிய ஆட்டைச் சோதித்த பின்னரே மந்தையில் சேர்க்க வேண்டும்.

கால்நடை இலாகாவுக்கும் ஒரு வார்த்தை. 2011இல் தமிழ்நாடு சர்க்கார் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆடு கொடுத்தால் மட்டும் போதாது. அது பிழைத்திருக்கவும் வழி செய்ய வேண்டும். எத்தனை ஆடுகளுக்கு மருந்து புகட்டினோம் என்ற கணக்கோடு, எத்தனை ஆடுகளில் புழு ஒழிந்தது என்ற கணக்கும் வேண்டும். மருந்துக்கு முன்னும், இரு வாரம் கழித்தும் பிழுக்கையில் முட்டைகளை எண்ணினால் உண்மை விளங்கிவிடும். நிலமில்லாதவனுக்கு ஆடே சேமிப்பு. மகளின் கல்யாணச் செலவும் மகனின் படிப்புச் செலவும் அதன் முதுகில்தான் இருக்கின்றன. கைவசமுள்ள மருந்துகள் சிலவே. அவற்றையும் வீணாக்கிவிட்டுப் பின்னர் வருந்திப் பயனில்லையென்பது நமது அபிப்பிராயம்.